பாட்டி வீட்டுப் பச்சைக் குளியலறை: நிறம் மாற்றுமுன் கொஞ்சம் வேதியியல்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பல வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும். வரவேற்பறைக்கு எந்தச் சாயம், திரைச்சீலை என்ன நிறம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கடைசியில் யாராவது குளியலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தப் பச்சையை எப்போதுதான் மாற்றப் போகிறோம்?" என்று கேட்பார்கள்.

1970களிலும் 1980களிலும் கட்டப்பட்ட தாமான் வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் வெளிர்ப்பச்சை அல்லது இளஞ்சிவப்பு டைல்ஸ், மூலையில் டைல் பதித்த தண்ணீர்த் தொட்டி இருக்கும். சற்று வசதியான வீடாக இருந்தால் அதே நிறத்தில் ஒரு நீளமான குளியல் தொட்டியும் இருக்கும். வீட்டுச் சுவரின் சாயம் பலமுறை மாறியிருக்கும். குளியலறை மட்டும் கட்டிய நாளில் இருந்தபடியே இருக்கும்.

சுவர்ச்சாயம் போல இதையும் ஒரு வார இறுதியில் மாற்றிவிட முடியாதா? முடியும், முடியாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல இயலாது. அந்த நிறம் எங்கே இருக்கிறது, எதில் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான முடிவெடுக்கலாம். தெரியாமல் இறங்கினால் பணம் வீணாகும். உயிருக்கே ஆபத்து வந்த நிகழ்வுகளும் உண்டு. இந்த வாரம் அதைப் பார்ப்போம், மாணவர்களே.

நிறம் மங்காமல் இருப்பது ஏன்?

முதலில் ஒரு கேள்வி. வாசலில் தொங்கும் துணி ஆறே மாதத்தில் வெளுத்துவிடுகிறது. நாற்பது ஆண்டுகளாகச் சோப்பும் தண்ணீரும் பட்ட டைல் ஏன் வெளுக்கவில்லை?

துணிச்சாயம் பெரும்பாலும் கரிமச் சேர்மம். புற ஊதாக் கதிரும் உயிர்வளியும் அதன் மூலக்கூறுகளை மெல்ல உடைத்துவிடும். டைலின் நிறம் அப்படிப்பட்டதன்று. களிமண்ணால் செய்த டைலின்மேல் மிக மெல்லிய கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. மணலில் உள்ள அதே சிலிக்காதான் அதன் அடிப்படை. அதில் உலோகச் சேர்மங்களைக் கலந்து, சூளையில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். பூச்சு உருகி, களிமண்ணுடன் ஒன்றாகி, ஆறும்போது கண்ணாடியாக இறுகிவிடுகிறது. நிறம் அந்தக் கண்ணாடிக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. அவ்வளவு வெப்பத்தைத் தாங்கிய நிறத்தைச் சூரிய ஒளியோ சோப்போ ஒன்றும் செய்ய முடியாது.

நிறம் தருபவை பெரும்பாலும் தனிம அட்டவணையின் நடுவில் இருக்கும் இடைநிலை உலோகங்கள். கோபால்ட் நீலம் தரும். இரும்பு பழுப்பும் மஞ்சளும் தரும். குரோமியம் ஆக்சைடு பச்சை தரும். ஆனால் அதே குரோமியத்தில் மிகச் சிறிதளவை வெள்ளீய ஆக்சைடு, கால்சியம், சிலிக்கா ஆகியவற்றோடு சேர்த்துச் சுட்டால் இளஞ்சிவப்பு கிடைக்கும்! ஓர் அயனி எந்த ஒளியை உறிஞ்சும் என்பது அதைச் சுற்றி என்னென்ன அணுக்கள் எப்படி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. மரகதத்தின் பச்சைக்கும் மாணிக்கத்தின் சிவப்புக்கும் குரோமியமே காரணமாக இருப்பதும் இதனால்தான்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிர்க்கான் என்ற படிகத்தைப் பயன்படுத்தும் நிறமிகள் தொழிற்சாலைகளுக்கு வந்தன. சிர்க்கான் படிகத்துக்குள் வனேடியம் சேர்ந்தால் பசுநீலம், பிரசியோடைமியம் சேர்ந்தால் மஞ்சள், இரும்பு சேர்ந்தால் பவள நிறம். நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பலவகைப் பச்சைகள். சூளை வெப்பத்திலும் மாறாத இத்தனை நிறங்கள் கைக்கு வந்தபின், குளியலறை வெள்ளையாக மட்டுமே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நாகரிகமும் அதற்குத் துணைநின்றது. 1953 முதல் 1961 வரை அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவரின் துணைவியார் மேமிக்கு இளஞ்சிவப்பு மிகவும் பிடிக்கும். அந்தக் காலத்தில் அந்நாட்டில் இளஞ்சிவப்புக் குளியலறைகள் பெருகின. 1970களில் வெண்ணெய்ப்பழப் பச்சையும் அறுவடை மஞ்சளும் அங்கே கோலோச்சின. நம் தாமான் வீடுகளிலும் பச்சை, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என்று வண்ணக் குளியலறைகள் வந்தன.

இதிலிருந்து முதல் பாடம்: டைலின் நிறத்தைக் கழுவியோ வெளுத்தோ நீக்க முடியாது. அதை மூடலாம், உடைத்து எடுக்கலாம், அல்லது அதனோடு ஒத்துப்போகலாம்.

தொட்டி எதனால் ஆனது?

பழைய குளியல் தொட்டிகள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, எஃகு அல்லது வார்ப்பிரும்பின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, சுமார் 800 டிகிரியில் உருக்கி ஒட்டவைத்த எனாமல் தொட்டி. மற்றொன்று, அக்ரிலிக் அல்லது கண்ணாடியிழையால் ஆன பிளாஸ்டிக் தொட்டி.

கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துத் தொட்டியின் பக்கவாட்டில் வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் பிளாஸ்டிக். விரலால் தட்டினாலும் தெரியும்: இரும்பு கணீரென்றோ கனமாகவோ ஒலிக்கும், பிளாஸ்டிக் மந்தமாக ஒலிக்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? எனாமல் கண்ணாடி போன்றது. கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. கனமான பொருள் விழுந்து ஓரிடத்தில் சில்லு பெயர்ந்தால், அங்கே இரும்பும் தண்ணீரும் உயிர்வளியும் சந்திக்கும். துரு உண்டாகும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்வதால் சுற்றியுள்ள எனாமலையும் தூக்கிவிடும். இப்படிப்பட்ட தொட்டிக்குமேல் சாயம் மட்டும் பூசினால், அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

சாயம் ஏன் உரிந்து போகிறது?

ஹார்டுவேர் கடையில் ஒரு டின் எண்ணெய்ச்சாயம் வாங்கி, டைலின்மேல் பூசிப் பார்த்தவர்கள் உண்டு. முதல் வாரம் புத்தம்புதிதாக இருக்கும். சில மாதங்களில் பாம்புச் சட்டை போல உரியத் தொடங்கும். இதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, அழுக்குப்படலம். பல ஆண்டுச் சோப்பும் உடல் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்திருக்கும். சாயம் டைலில் ஒட்டாமல் அந்தப் படலத்தில் ஒட்டும். படலம் கழன்றால் சாயமும் கழன்றுவிடும்.

இரண்டாவது, வழவழப்பு. சிமெண்டுச் சுவரில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. சாயம் அவற்றுக்குள் புகுந்து, மரத்தின் வேர் மண்ணைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிப் பூச்சில் வேர்விட இடமே இல்லை.

மூன்றாவது, தண்ணீர். கண்ணாடியின் மேற்பரப்பைத் தண்ணீர் மூலக்கூறுகள் மிகவும் விரும்பும். சாயத்தின் ஓரத்தில் சின்ன வெடிப்பு இருந்தாலும் தண்ணீர் உள்ளே நுழைந்து, சாயத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முறையாக மறுபூச்சு செய்பவர்கள் இம்மூன்றையும் வரிசையாகத் தீர்க்கிறார்கள். முதலில் நன்றாகக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்குகிறார்கள். அடுத்து, நீர்த்தாளால் தேய்த்து மேற்பரப்பில் மிக நுண்ணிய கீறல்களை உண்டாக்குகிறார்கள். பிறகு சிலேன் என்னும் இணைப்புப் பொருளைப் பூசுகிறார்கள். சிலேன் மூலக்கூறுக்கு இரண்டு கைகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை கண்ணாடியில் உள்ள சிலிக்காவோடு வேதிப் பிணைப்பு ஏற்படுத்தும். மறு கை மேலே வரும் பூச்சோடு பிணையும். கண்ணாடியிழைப் பொருள்களுக்காக 1940களில் உருவான இந்த உத்திதான் குளியலறைக்கும் கைகொடுக்கிறது.

கடைசியாக மேற்பூச்சு. இது காய்ந்து இறுகும் சாதாரணச் சாயமன்று. எப்பாக்சி போன்ற இரண்டு பகுதிப் பூச்சு. பிசினையும் இறுக்கியையும் குறித்த விகிதத்தில் கலந்தவுடன் வினை தொடங்கிவிடும். தனித்தனி மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக்கொண்டு மீன்வலை போன்ற ஒரே பெரிய வலைப்பின்னலாகும். ஆகவேதான் அது வெந்நீரில் கரையாது. ஆகவேதான் கலந்தபின் மீதியை டின்னில் மூடி வைக்கவும் முடியாது. விகிதம் தவறினால் கைகோக்கத் துணையில்லாத மூலக்கூறுகள் மிஞ்சி, பூச்சு பிசுபிசுப்பாகவே இருக்கும்.

உயிர் பறித்த தொட்டிகள்

இனி இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதிக்கு வருவோம்.

முன்பே ஒருமுறை மறுபூச்சு செய்த தொட்டியாக இருந்தால், பழைய பூச்சை உரித்தெடுக்க வேண்டும். அதற்கு மெத்திலீன் குளோரைடு கலந்த சாயநீக்கியைப் பயன்படுத்துவது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, குளியல் தொட்டிகளைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்த 13 பேர் இந்த ஆவியைச் சுவாசித்து இறந்ததாக அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. வேலையைக் கற்றுத் தேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி. ஏன்?

நீங்கள் பள்ளியில் கற்ற கணக்கே விடை சொல்லும். மெத்திலீன் குளோரைடின் ஒரு மூலக்கூறில் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு குளோரின் அணுக்கள் உள்ளன. அதன் மோலார் நிறை 12 + 2 + 71 = 85 கிராம். காற்றின் சராசரி மோலார் நிறை சுமார் 29 கிராம். 85ஐ 29ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.9. அதாவது இந்த ஆவி காற்றைவிட மும்மடங்கு அடர்த்தியானது. அது மேலெழும்பிச் சன்னல் வழியாக வெளியேறாது. தண்ணீர் போலத் தொட்டிக்குள்ளேயே தேங்கும். தொட்டியைச் சுரண்டுபவரோ அதே தொட்டிக்குள் தலையைக் குனிந்துதான் வேலை செய்ய வேண்டும்.

இதன் கொதிநிலை 40 டிகிரி மட்டுமே. நம் நாட்டின் நண்பகல் வெயிலுக்கும் அதற்கும் அதிக இடைவெளி இல்லை. எனவே வேகமாக ஆவியாகும்.

எவ்வளவு ஆவி ஆபத்து? ஒரு சிறிய குளியலறையை எடுத்துக்கொள்வோம்.

அறையின் அளவு: 2 மீட்டர் × 1.5 மீட்டர் × 2.4 மீட்டர் = 7.2 கனமீட்டர், அதாவது 7,200 லிட்டர் காற்று.

ஆவியாகும் திரவம்: 100 மில்லிலிட்டர். அரைக் குவளைக்கும் குறைவு. அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 1.33 கிராம், எனவே நிறை 133 கிராம்.

மோல் எண்ணிக்கை: 133 ÷ 85 = சுமார் 1.56.

அறை நிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர்; எனவே ஆவியின் கன அளவு 1.56 × 24 = சுமார் 37.5 லிட்டர்.

செறிவு: 37.5 ÷ 7,200 = சுமார் 0.0052. பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 5,200 பங்கு.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வுக் கழகம் இந்தப் பொருளுக்கு "உயிருக்கு உடனடி ஆபத்து" என்று குறித்துள்ள அளவு பத்து இலட்சத்துக்கு 2,300 பங்கு. அரைக் குவளைத் திரவமே அந்த எல்லையை இருமடங்குக்குமேல் தாண்டிவிடுகிறது! அறை முழுவதும் ஆவி சமமாகப் பரவியது என்று கொண்டே இந்தக் கணக்கைப் போட்டோம். தொட்டியின் அடியில் செறிவு இன்னும் அதிகமாக இருக்கும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது? அதிகச் செறிவில் இந்த ஆவி மயக்க மருந்து போலச் செயல்பட்டு, நினைவிழக்கச் செய்து, மூச்சையே நிறுத்திவிடும். போதாக்குறைக்கு உடல் அதன் ஒரு பகுதியைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு உயிர்வளி ஏற முடியாமல் தடுக்கும். நாம் அணியும் சாதாரண முகக்கவரி நீர்த்துளியைத் தடுக்கும். வாயு மூலக்கூறைத் தடுக்காது.

இந்தப் பொருள் கலந்த சாயநீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019இல் தடைசெய்தது. 2024இல் தடையை மேலும் விரிவாக்கியது. ஆகவே எந்தச் சாயநீக்கியாக இருந்தாலும் வாங்குவதற்கு முன் டின்னின் பின்புறம் உள்ள பொருள்பட்டியலைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு அல்லது டைகுளோரோமெத்தேன் என்று இருந்தால் இரண்டும் ஒன்றேதான். அதைக் குளியலறைக்குள் கொண்டு போகக் கூடாது.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. சில மேற்பூச்சுகளின் இறுக்கியில் ஐசோசயனேட் இருக்கும். அதைத் தெளிக்கும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். உலர்ந்த டைலை இயந்திரத்தால் வெட்டினால் பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுவது அதனால்தான். சுத்தம் செய்யும்போது பிளீச்சையும் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சோடியம் ஹைப்போகுளோரைட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும்.

உடைத்தால் எவ்வளவு குப்பை?

"பூச்செல்லாம் வேண்டாம், உடைத்துவிட்டுப் புதிதாகப் பதிப்போம்" என்று அப்பா சொல்லலாம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு.

மேலே கண்ட அதே குளியலறையில் தரையும் சுவரும் சேர்த்து, கதவையும் சன்னலையும் கழித்தால் ஏறக்குறைய 18 சதுரமீட்டர் டைல் இருக்கும். டைல் 8 மில்லிமீட்டர், அடியில் உள்ள சிமெண்டுக் கலவை 20 மில்லிமீட்டர் என்று கொண்டால் மொத்தத் தடிப்பு 0.028 மீட்டர். அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 2,000 கிலோகிராம் என்று வைத்தால், 18 × 0.028 × 2,000 = 1,008 கிலோகிராம். ஒரு சிறு குளியலறையிலிருந்து ஒரு டன் இடிபாடு! அதைச் சுமப்பதற்கும் கொண்டுபோய்க் கொட்டுவதற்கும் குத்தகையாளர் பணம் கேட்பதில் வியப்பில்லை.

மற்றொன்றையும் மறக்கக் கூடாது. டைலுக்கு அடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் படலம் இருக்கலாம். உடைக்கும்போது அது கிழிந்தால் மாடியில் குளிக்கும் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டும். சிங்கப்பூரின் புதிய வீவக வீடுகளில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரை, சுவர் டைல்களை மாற்றக் கூடாது என்ற விதி இந்தப் படலத்தைக் காப்பதற்காகத்தான்.

உடைக்காமல், பூசாமல் ஒரு வழி

டைல் தானாக ஒளிர்வதில்லை. விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பச்சை டைல் சிவப்பையும் நீலத்தையும் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். அங்கிருந்து வரும் ஒளி நம் முகத்தில் பட்டால் முகமும் சோர்ந்து தெரியும். பச்சைக் குளியலறை பலருக்குப் பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் விளக்கை மாற்றிப் பார்க்கலாமே? 6,500 கெல்வின் விளக்கில் நீலம் மிகுதி. 3,000 கெல்வின் விளக்கில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி. பின்னதைப் போட்டால் இளஞ்சிவப்பு டைல் துலங்கும்; முகமும் பொலிவாகத் தெரியும். அடுத்து, இடுக்குகளில் கறுத்துப்போன சிமெண்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பலாம். "பழையது" என்று கண்ணுக்குப் படுவது பல நேரங்களில் டைலின் நிறமன்று, அந்தக் கறுப்புக் கோடுகள்தான். டைலுக்கு மேலே உள்ள சுவருக்கும் கூரைக்கும் வெள்ளைச் சாயம் அடித்தால் அறையில் ஒளி கூடும். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, உடைத்துப் பதிக்கும் செலவில் மிகச் சிறிய பங்கே.

எப்படி முடிவெடுப்பது?

டைல்கள் உறுதியாக இருக்கின்றன, நிறம் மட்டும்தான் பிடிக்கவில்லை என்றால் விளக்கு, இடுக்கு, சுவர்ச்சாயம் ஆகியவற்றோடு தொடங்குங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் முறையான மறுபூச்சைப் பற்றி யோசிக்கலாம். காற்றோட்டமும் தகுந்த கவசமும் உள்ள தொழில்முறையாளரிடம் அதை விட்டுவிடுங்கள். டைலைத் தட்டும்போது வெற்றொலி கேட்டால், கீழே நீர் கசிந்தால், தொட்டி துருப்பிடித்து ஓட்டையானால், அப்போது உடைப்பதுதான் சரி. பழைய நிறம் ஒரு குறையன்று, கசிவுதான் குறை. இரண்டையும் பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்தது.

செய்து பாருங்கள்

1. ஒரு பழைய டைல் துண்டைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எவ்வளவு பரவுகிறது என்று அளவுகோலால் அளந்து குறியுங்கள்.

2. அதே டைலில் ஒரு துளி சமையல் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு மீண்டும் ஒரு சொட்டு விடுங்கள். இம்முறை தண்ணீர் உருண்டு நிற்பதைக் காண்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத படலம் தண்ணீரையே தள்ளிவிடுகிறது என்றால், சாயத்தை என்ன பாடு படுத்தும்!

3. பச்சை, இளஞ்சிவப்பு, வெள்ளை அட்டைகளை இரண்டு வகை விளக்கின்கீழ் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து ஒப்பிடுங்கள். கேமராவின் தானியங்கி வெண்மைச் சீரமைப்பை நிறுத்திவிட்டுப் படமெடுப்பது நல்லது.

சிந்தியுங்கள்

1. 50 மில்லிலிட்டர் மெத்திலீன் குளோரைடு 10 கனமீட்டர் அறையில் முழுவதும் ஆவியானால் செறிவு என்ன? அது 2,300 பங்கு என்ற எல்லையைத் தாண்டுமா, தாண்டாதா? தாண்டாவிட்டாலும் தொட்டிக்குள் குனிந்திருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று சொல்ல முடியுமா?

2. குளியலறையில் காற்றுவெளியேற்றி விசிறி கூரை அருகே இருக்கிறது. காற்றைவிட அடர்த்தியான ஆவியை அகற்ற அது போதுமா? நீங்கள் வடிவமைத்தால் எங்கே வைப்பீர்கள்?

3. உங்கள் வீட்டுக் குளியலறையின் அளவுகளை எடுத்து, டைலை உடைத்தால் எத்தனை கிலோகிராம் இடிபாடு வரும் என்று கணக்கிடுங்கள். விடையை வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள். இந்தத் தீபாவளிக்குப் பாட்டி வீட்டுப் பச்சை டைல்கள் தப்பிக்கலாம்!